இரவல் வாய்கள்



இந்த மேடையில் எனக்கு முன்பு பேசியவர்கள் பெரும்பாலும் பேராசிரியர்கள். நான் நாளிதழ் அலுவலகத்தில் இரவுப் பணி பார்த்தே காலம் கழித்தவன். அதனால் ஓர் இரவுப் பணியிலிருந்தே தொடங்குகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மாவட்டச் செய்திப் பக்கத்தை முடித்து அனுப்ப இன்னும் கால் மணி நேரம்தான் இருந்தது. பக்கத்தின் அடியில் நாலு அங்குலம் காலி. மேசையில் ஒரு பிரஸ் நோட் கிடந்தது. ஒரு நிதி நிறுவனம் எங்கள் ஊரில் கிளை திறந்திருந்தது. குத்துவிளக்கு ஏற்றும் படம், வந்திருந்த பிரமுகர்களின் பெயர்கள், வட்டி விகிதம், இதுவரை சேர்ந்த டெபாசிட் தொகை எல்லாம் ஒழுங்காகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்தன. தலைப்பைக்கூட அவர்களே போட்டு அனுப்பியிருந்தார்கள். நான் இரண்டு அடைமொழிகளை வெட்டினேன். மேலே ‘நமது நிருபர்’ என்று எழுதினேன். பக்கம் போய்விட்டது. அந்த நிறுவனத்தின் அரைப்பக்க விளம்பரமும் அதே இதழில் வேறொரு பக்கத்தில் வந்திருந்தது.

அந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டில் நிதி நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கியது இங்கிருக்கும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்று 1997இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. இந்த நிறுவனமும் ஷட்டரை இறக்கியது. எங்கள் அலுவலகத்துக்குக் கீழே டீக்கடை வைத்திருந்தவர், மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தை அதில் போட்டிருந்தார். அவர் என்னைத் திட்டவில்லை. கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “விளம்பரத்தப் பாத்துப் போடல சார். விளம்பரம்னா அவன் ஆயிரம் சொல்லுவான், அது எனக்குத் தெரியாதா? நியூஸா வந்துச்சே சார். அதப் பாத்துத்தான் போட்டேன்.”

அவர் ஏமாளி அல்ல. விளம்பரத்தை விளம்பரம் என்று அடையாளம் கண்டு ஒதுக்கியவர். அதே விளம்பரம் எங்கள் வாயால் வந்தபோது அவரால் அடையாளம் காண முடியவில்லை. நான் ஒரு பொய்கூட எழுதவில்லை. கிளை திறந்தது உண்மை, விளக்கு ஏற்றியது உண்மை, வட்டி விகிதம்கூட அன்றைக்கு உண்மைதான். பொய்யாக இருந்தவை ‘நமது நிருபர்’ என்ற இரண்டு சொற்கள் மட்டும்.

பரப்புரையின் உத்திகளைப் பற்றிப் பேசச் சொன்னபோது அந்த இரண்டு சொற்கள்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தன. பொய்யைக் கண்டுபிடிப்பது எப்படி என்று பலர் சொல்லித்தருகிறார்கள். வாயைக் கண்டுபிடிப்பது எப்படி என்று சொல்லித்தருபவர்கள் குறைவு. தன் வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள் என்று தெரிந்தவன் நம்பத்தக்க இன்னொருவர் வாயை இரவல் வாங்குகிறான். நான் அறிந்தவரை போரிலும் வியாபாரத்திலும் அரசியலிலும் மூலத்தொழில் இதுதான். மற்ற உத்திகளெல்லாம் இதற்குக் கைவேலை.

இனி வாஷிங்டனுக்குப் போவோம். 1990 அக்டோபர் 10. ஈராக் குவைத்துக்குள் புகுந்து இரண்டு மாதம் கடந்திருந்தது. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களின் மனித உரிமைக் குழு ஒன்றின் முன்பு பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். நயீரா என்ற பெயர் மட்டுமே சொல்லப்பட்டது. குவைத்தில் இருக்கும் உறவினர்களுக்கு ஆபத்து வரக்கூடாது என்பதால் முழுப்பெயரை மறைத்திருக்கிறோம் என்றார்கள். குவைத்தில் ஒரு மருத்துவமனையில் தன்னார்வத் தொண்டு செய்ததாக அவள் சொன்னாள். ஈராக்கியச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு உள்ளே வந்து, இன்குபேட்டரிலிருந்த குழந்தைகளை எடுத்து வெளியே போட்டுவிட்டு, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள், குழந்தைகள் குளிர்ந்த தரையில் கிடந்து செத்தன என்று சொன்னாள். சொல்லும்போது அழுதாள். பார்த்தவர்களும் கலங்கினார்கள். அன்றிரவே தொலைக்காட்சியில் கோடிக்கணக்கானோர் அந்த அழுகையைப் பார்த்தார்கள்.

அடுத்த வாரங்களில் அதிபர் புஷ் இன்குபேட்டர் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். போருக்கு அனுமதி கேட்கும் தீர்மானம் வந்தபோது செனட் உறுப்பினர்கள் பலர் அதை மேற்கோள் காட்டினார்கள். 1991 ஜனவரி 12ஆம் தேதி அந்தத் தீர்மானம் 52க்கு 47 என்ற கணக்கில் நிறைவேறியது.

அந்தப் பெண் யார் என்று உலகத்துக்குத் தெரியவந்தது 1992 ஜனவரியில். ஜான் மக்ஆர்தர் என்ற பத்திரிகையாளர் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். அவள் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள். விசாரணை நடந்த அன்று தூதரும் அதே அறையில்தான் இருந்தார். சாட்சியத்தை ஏற்பாடு செய்தது ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம். அதற்கு வேலை கொடுத்தது ‘சுதந்திரக் குவைத்துக்கான குடிமக்கள்’ என்ற அமைப்பு. பெயரில் குடிமக்கள் இருந்தார்கள். பணம் ஏறக்குறைய முழுவதும் குவைத் அரசுடையது, ஒரு கோடி டாலருக்கும் மேல்.

பிறகு குவைத் அரசே அமர்த்திய புலனாய்வு நிறுவனம் அவளிடம் விசாரித்தது. அவள் அந்த மருத்துவமனைக்குப் போனது சில நிமிடங்கள்தான், இன்குபேட்டருக்கு வெளியே கண்டது ஒரு குழந்தையைத்தான் என்று தெரிந்தது. அந்தக் கதையை முதலில் ஏற்றுக்கொண்ட ஆம்னஸ்டி அமைப்பு 1991லேயே அதைத் திரும்பப் பெற்றுவிட்டது.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். சதாம் உசேனின் படை குவைத்தில் கொலை செய்தது, சித்திரவதை செய்தது, கொள்ளையடித்தது. அதில் சந்தேகமே இல்லை. உண்மையான கொடுமைகள் அத்தனை இருந்தும், அவற்றைவிட நன்றாக விலைபோகும் ஒன்று தேவைப்பட்டது. அதற்கு ஒரு குழந்தை வேண்டும், ஒரு கருவி வேண்டும், அழும் ஒரு சாட்சி வேண்டும். அவள் தூதரின் மகளாக வந்து அதே சொற்களைச் சொல்லியிருந்தால் செய்தியாளர்கள் கேள்வி கேட்டிருப்பார்கள். மருத்துவமனைத் தன்னார்வலர் என்று வந்ததால் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அழுகிற பிள்ளையிடம் ‘நீ யார் வீட்டுப் பிள்ளை?’ என்று கேட்பது நமக்கே குரூரமாகப் படும். அந்தக் கூச்சத்தை நம்பித்தான் அந்த நாற்காலி போடப்பட்டிருந்தது. அந்தக் குழு முறையான நாடாளுமன்றக் குழு அல்ல என்பதால் சத்தியப் பிரமாணமும் தேவைப்படவில்லை.

ஹில் அண்ட் நோல்டன் என்ற பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நயீராவுக்கு 37 ஆண்டுகளுக்கு முன்பு அதே நிறுவனம் வேறொரு வேலை செய்தது.

புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆய்வாளர்கள் எண்ணிக்கையோடு வெளியிட்டார்கள். சிகரெட்டிலிருந்து எடுத்த தாரை எலிகளின் முதுகில் தடவினால் கட்டி வருகிறது என்பது 1953 இறுதியில் பெரிய செய்தியாயிற்று. அந்த டிசம்பரில் சிகரெட் கம்பெனித் தலைவர்கள் நியூயார்க்கின் பிளாசா ஓட்டலில் கூடினார்கள். ஒருவரையொருவர் கவிழ்க்கவே காலம் முழுக்க உழைத்தவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து அந்த நிறுவனத்தின் ஜான் ஹில்லை அழைத்தார்கள். ‘புற்றுநோய் வராது’ என்று விளம்பரம் செய்யும்படி அவர் சொல்லவில்லை. கம்பெனிக்காரன் சொன்னால் யார் நம்புவார்கள்? ஆராய்ச்சி அமைப்பு ஒன்றைத் தொடங்குங்கள், அறிவியல் பேசட்டும் என்றார்.

1954 ஜனவரி 4ஆம் தேதி 400க்கும் மேற்பட்ட நாளிதழ்களில் முழுப்பக்க அறிக்கை வந்தது. மக்களின் உடல்நலமே எங்களுக்கு எல்லாவற்றிலும் முதன்மையானது, ஆராய்ச்சிக்குப் பணம் தருகிறோம், பொறுத்திருங்கள் என்பது அதன் சாரம். விஞ்ஞானி ஒருவர் தலைமையில் ஆராய்ச்சிக் குழு அமைந்தது. அதன் அலுவலகம் ஹில் அண்ட் நோல்டன் இருந்த அதே கட்டடத்தில் இயங்கியது. ‘இன்னும் முழுதாக நிரூபணமாகவில்லை’ என்ற வாக்கியத்தை விஞ்ஞானிகளின் வாயிலிருந்து வரவழைப்பதுதான் நோக்கம். விஞ்ஞானி அப்படித்தான் பேசுவார், அது அவர் தொழில் ஒழுக்கம். அந்த ஒழுக்கத்தையே இரவல் வாங்கினார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 2006இல், கிளாடிஸ் கெஸ்லர் என்ற நீதிபதி இந்தக் கம்பெனிகள் மக்களைத் திட்டமிட்டு ஏமாற்றியதாகத் தீர்ப்பு எழுதினார். நடுவில் புகைத்துச் செத்தவர்களை யார் எண்ணுவது?

இதற்கும் பின்னே போனால் எட்வர்ட் பெர்னேஸ் நிற்கிறார். சிக்மண்ட் ஃபிராய்டின் மருமகன், அதாவது சகோதரி மகன். மனித மனத்தின் அடியாழத்தை மாமா நோயாளிகளுக்காகத் தோண்டினார், இவர் வாடிக்கையாளர்களுக்காகத் தோண்டினார். 1929 மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு. நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் புத்தாடை அணிந்து ஊர்வலம் போவது வழக்கம். கூட்டத்தின் நடுவே சில இளம்பெண்கள் சிகரெட்டை எடுத்துப் பற்ற வைத்தார்கள். பெண்கள் தெருவில் புகைப்பது அவமானம் என்று கருதப்பட்ட காலம். இவை ‘சுதந்திரத்தின் தீப்பந்தங்கள்’ என்று பத்திரிகைகளுக்குச் சொல்லப்பட்டது. அவர்களில் ஒரு பெண் நிருபரிடம், தெருவில் ஓர் ஆள் சிகரெட்டை அணைக்கச் சொன்னபோது இந்த எண்ணம் தோன்றியது என்றாள். மறுநாள் நாடெங்கும் செய்தி.

அந்தப் பெண் பெர்னேஸின் செயலாளர். பெர்னேஸுக்குப் பணம் கொடுத்தது லக்கி ஸ்டிரைக் சிகரெட் செய்துவந்த அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி. ஊர்வலத்தில் கம்பெனியின் பெயர் எங்கும் இல்லை. பெண்விடுதலை இயக்கம் பல பத்தாண்டுகள் அடிபட்டுச் சிறை சென்று சம்பாதித்த நல்ல பெயரை ஒரு மதியப்பொழுதுக்கு இரவல் வாங்கிவிட்டார்கள். எனக்கு இதுதான் பொறுக்கமுடியாத இடம். வாய்களிலேயே விலைமதிப்பற்றவை வதைபட்டவர்களின் வாய்கள். இரவல்காரன் முதலில் தேடுவதும் அவற்றைத்தான்.

பெர்னேஸ் தொழில் கற்ற இடம் போர்க்களத்துக்குப் பின்னாலிருந்த ஓர் அலுவலகம். 1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கிய ஒரே வாரத்தில், ஜார்ஜ் கிரீல் என்ற பத்திரிகையாளர் தலைமையில் பொதுத் தகவல் குழு அமைந்தது. அதன் சாமர்த்தியமான ஏற்பாடு ‘நான்கு நிமிட மனிதர்கள்’. டூரிங் டாக்கீஸில் ரீல் மாற்றும் இடைவெளியில் சோடா விற்பவர் வருவாரே, அந்த இடைவெளிதான். அமெரிக்கத் தியேட்டர்களில் அந்த நான்கு நிமிடத்தில் ஒருவர் மேடையேறிப் போரை ஆதரித்துப் பேசுவார். வெளியூர் அரசியல்வாதி அல்ல, உள்ளூர் வக்கீல், உள்ளூர் வங்கிக்காரர். சுமார் 75,000 பேர் இப்படிப் பேசினார்கள். பேச வேண்டிய குறிப்புகள் வாஷிங்டனிலிருந்து வந்தன, வாய் பக்கத்து வீட்டுக்காரருடையது.

போர் முடிந்ததும் பெர்னேஸ் கடை திறந்தார். ‘பிராபகாண்டா’ என்ற சொல் ஜெர்மனியால் கெட்டுப்போனதால் ‘மக்கள் தொடர்பு’ என்ற பெயரை எடுத்துக்கொண்டதாகப் பிற்காலத்தில் அவரே சொன்னார். யூதரான தம் புத்தகம் ஒன்று நாஜிப் பரப்புரை அமைச்சர் கோயபல்ஸின் அலமாரியில் இருந்ததைக் கேட்டு அதிர்ந்ததாகவும் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

‘பிராபகாண்டா’ என்ற சொல்லுக்கு நம்மோடும் ஒரு தொடர்பு உண்டு. 1622இல் போப் பதினைந்தாம் கிரகோரி சமயம் பரப்ப ஏற்படுத்திய பேராயத்தின் பெயரில்தான் அந்தச் சொல் பிறந்தது. சென்னைக் கத்தோலிக்கர்கள், ரோமின் புரோபகாந்தா ஆட்சிக்குக் கீழ்ப்படிவதா, போர்ச்சுக்கீசிய அரசரின் பத்ரவாதோ ஆட்சிக்குக் கீழ்ப்படிவதா என்று நெடுங்காலம் சண்டையிட்டவர்கள். அன்றைக்கு அது வசைச்சொல் அல்ல. தமிழில் இன்றைக்கும் நமக்குத் தனிச் சொல் இல்லை. காசநோய் ஒழிப்புக்கும் பிரச்சாரம், தேர்தலுக்கும் பிரச்சாரம், வெறுப்பை விதைப்பதற்கும் பிரச்சாரம். ‘பரப்புரை’ என்று தூய்மைப்படுத்தினாலும் குழப்பம் அப்படியே இருக்கிறது. பெயரில்லாத நோயைக் கண்டுபிடிப்பது கடினம்.

1937இல் நியூயார்க்கில் சிலர் இதற்கு வைத்தியம் பார்க்க முயன்றார்கள். பாஸ்டன் வணிகர் எட்வர்ட் ஃபைலீன் பணம் கொடுத்தார், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த கிளைட் மில்லர் வழிநடத்தினார். பரப்புரை ஆய்வு நிறுவனம் என்று பெயர். வசைப்பெயர் சூட்டுதல், பளபளக்கும் பொதுச்சொற்கள், ஒன்றின் மதிப்பை இன்னொன்றுக்கு ஏற்றுதல், பிரபலங்களின் சாட்சி, ‘நானும் உங்களில் ஒருவன்’ என்ற வேடம், பாதியை மறைத்துப் பாதியைக் காட்டுதல், ‘ஊரே இந்தப் பக்கம்’ என்ற ஆரவாரம் என ஏழு உத்திகளை வகுத்து, பள்ளிகளுக்குப் பாடம் எழுதி அனுப்பினார்கள். இன்றும் உலகெங்கும் பாடநூல்களில் இருப்பது அந்த ஏழுதான். நல்ல பட்டியல். எந்தத் தேர்தல் மேடைக்கு எதிரே உட்கார்ந்தும் ஏழையும் எண்ணிவிடலாம். வசைப்பெயருக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் ‘துரோகி’ என்ற ஒரு சொல் போதும். கடலின் இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் தமிழர்களுக்கிடையே அந்தச் சொல் எத்தனை வாதங்களைப் பதில் சொல்லாமலே முடித்துவைத்திருக்கிறது!

ஆனால் பட்டியலோடு எனக்கு ஒரு மனக்குறை. அதை வைத்துக்கொண்டு நாம் எதிராளியைத்தான் சோதிக்கிறோம். எதிர்க்கட்சிக்காரன் கூழ் குடித்தால் வேடம் என்கிறோம், நம் தலைவர் குடித்தால் கண்ணில் நீர் வருகிறது. அந்த நிறுவனத்துக்கே இந்தச் சோதனை வந்தது. அமெரிக்கா இரண்டாம் உலகப்போரில் இறங்கிய கையோடு, 1942 தொடக்கத்தில், அது மூடப்பட்டது. நாடு போரில் இருக்கும்போது நம் பக்கத்துப் பேச்சையும் அதே கண்ணால் அலசுவது சரிப்படுமா என்ற தயக்கம் அவர்களுக்கு இருந்தது. அந்த மனிதர்களை நான் குறை சொல்லவில்லை. ஹிட்லருக்கு எதிரான போர் அது.

யார் சொன்னாலும் சரி, சொன்ன பொருளைப் பார் என்பது நமக்கு வழிவழியாக வந்த அறிவுரை. எளியவன் சொன்னதை எளியவன் என்பதற்காகத் தள்ளாதே என்ற அளவில் அது பொன்னான அறிவுரை. ஆனால் பொருளைச் சோதிக்க வழியில்லாத இடங்கள் உண்டு. குவைத் மருத்துவமனைக்குள் நான் போய்ப் பார்க்கமுடியாது, எலியின் முதுகில் தார் தடவிப் பார்க்கமுடியாது. அங்கே எனக்கு மிஞ்சுவது வாயை விசாரிப்பது ஒன்றுதான். இவர் யார், அங்கே இருந்தாரா, இவரை இங்கே அழைத்து வந்தது யார், பயணச்சீட்டு யாருடைய காசு, பெயரை மறைத்தால் அதனால் காப்பாற்றப்படுவது யார்?

2020 ஊரடங்கின்போது என் அத்தை ஒரு குரல் பதிவை அனுப்பினார். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸ் பேசுகிறேன் என்று ஒரு பெண் அழுதுகொண்டே பேசினாள். எந்த ஆஸ்பத்திரி, எந்த ஊர், எதுவும் இல்லை. யார் அத்தை இது என்று கேட்டேன். “யாரா இருந்தா என்னடா? பாவம், எப்படி அழுவுறா பாரு” என்றார். அத்தைக்கு வாஷிங்டன் தெரியாது, நயீராவைத் தெரியாது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. வேறு காரணங்களுக்காக நடந்த அடிதடிகள் அவை, அவற்றில் சில வேறு மாநிலங்களில் நடந்தவை. அடிபட்டவரின் அலறல் உண்மை. கதை மட்டும் ஒட்டவைத்தது. அதை நம்பி ஊருக்கு ரயிலேறியவர்களின் பயமும் உண்மைதான்.

இத்தனையும் கேட்டபின் எதையுமே நம்பக்கூடாது போலிருக்கிறது என்ற முடிவுக்கு நீங்கள் வந்துவிடக்கூடாது. அந்த அச்சம் எனக்கு உண்டு. அதனால் கடைசியாக ஒரு கதை.

1914 ஆகஸ்டில் ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. தினான் என்ற ஊரில் மட்டும் 674 பொதுமக்களைக் கொன்றது. லூவன் நகரின் பழம்பெரும் நூலகத்தைக் கொளுத்தியது. இவை நடந்தவை. பிரிட்டிஷ் அரசுக்கு இவை போதவில்லை. பிரைஸ் பிரபு தலைமையில் குழு அமைத்தது. அமெரிக்காவில் பிரிட்டிஷ் தூதராக இருந்து நற்பெயர் எடுத்த அறிஞர் அவர், வாய் என்றால் அப்படிப்பட்ட வாய். 1915 மே மாதம் வெளிவந்த அவர் அறிக்கையில் உண்மையான கொலைகளோடு, குழந்தைகளைத் துப்பாக்கி ஈட்டியில் குத்தியது போன்ற கதைகளும் கலந்திருந்தன. சாட்சிகள் சத்தியம் செய்யவில்லை, பெயர்களும் இல்லை. 1917 ஏப்ரலில் இன்னொரு செய்தி. ஜெர்மானியர்கள் தங்கள் வீரர்களின் பிணங்களைக் காய்ச்சிக் கொழுப்பு எடுக்கிறார்கள் என்று லண்டன் நாளிதழ்கள் எழுதின. விலங்குகளின் உடலைக் குறிக்கும் ஒரு ஜெர்மன் சொல்லை மனிதப் பிணம் என்று மொழிபெயர்த்ததில் ஊதிய கதை அது. ஆதாரமில்லை என்ற ஜெர்மனியின் மறுப்பை 1925 டிசம்பரில் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஆஸ்டின் சேம்பர்லின் நாடாளுமன்றத்தில் ஏற்றுக்கொண்டார். 1928இல் ஆர்தர் பொன்சன்பி போர்க்காலப் பொய்களைத் தொகுத்துப் புத்தகமே போட்டார். பொய்கள் அம்பலமானபோது தினானின் 674 பேரும் கட்டுக்கதையாகிப் போனார்கள்.

அடுத்த உலகப்போரின் நடுவே, 1943 ஆகஸ்டில், நாஜிகளின் பிடியிலிருந்த போலந்திலிருந்து தகவல்கள் வந்துகொண்டிருந்தன. மனிதர்களை அறைகளில் அடைத்து நச்சுவாயுவால் கொல்கிறார்கள் என்று. போலந்தில் நடக்கும் குற்றங்களைப் பற்றி நேச நாடுகள் ஓர் அறிக்கை தயாரித்தன. பிரிட்டிஷ் கூட்டு உளவுக் குழுவின் தலைவர் விக்டர் கேவண்டிஷ்-பென்டிங்க் அதைப் படித்துவிட்டு ஒரு குறிப்பு எழுதினார். போன போரில் பிணங்களிலிருந்து கொழுப்பு எடுக்கிறார்கள் என்று சொன்ன கதையை இது தனக்கு நினைவூட்டுகிறது என்றார். அந்தப் பொய்யால் உண்மையான கொடுமைகள்கூட வெறும் பரப்புரை என்று தள்ளப்பட்டன என்பதையும் அதே குறிப்பில் எழுதினார்.

ஆகஸ்ட் 30ஆம் தேதி அறிக்கை வெளியானது. நச்சுவாயு அறைகளைச் சொன்ன வரி அதில் இல்லை.